இரைச்சலுக்குள் வந்த தமிழ்

முதலில் கேட்டது ஒரு குழந்தையின் அழுகை.

நான் கையில் தேநீர்க் கோப்பையுடன் இருந்தேன். கோடைகாலத்துச் சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி இருக்கும். முன்னால் இருந்த வானொலிப் பெட்டி வழக்கம்போல் கரகரத்துக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே சிட்னியின் தெற்குக் கரையோரக் கடல் ஒரு அலுப்பும் இல்லாமல் நீலமாகக் கிடந்தது.

அழுகைக்குப் பின்னால் ஒரு ஆணின் குரல் வந்தது.

"ஆரும் கேக்கிறியளோ? ஆராவது கேட்டாச் சொல்லுங்கோ. தண்ணி வருது. பிள்ளையள் இருக்கினம்."

கோப்பையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. இந்த நாட்டில் ரயிலில் தமிழ் கேட்டிருக்கிறேன், மரக்கறிக் கடையில் கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரி வரிசையில் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டி எனக்குத் தெரிந்து ஆங்கிலம் மட்டுமே பேசும். எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்லும். மச்சான் மீன் தூண்டிலைக் காதில் குத்திக்கொண்டான் என்று சொல்லும். அது என்னுடைய ஊர்த் தமிழில் உயிர்ப்பிச்சை கேட்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்த விதம்

அது கடலில் அகப்பட்டவர்களுக்கு உதவுகிற தொண்டர் நிலையம். குன்றின் மேல் ஒரு சின்ன அறை. இரண்டு கதிரை, ஒரு மேசை, சுவரில் பெரிய கடல் வரைபடம், கூரையில் ஒரு நீளக் கம்பி. கரையோரத்தில் மீன்பிடிக்கப் போகிற சின்னப் படகுகளில் மலிவான வானொலிப் பெட்டி இருக்கும். ஆபத்து என்றால் அதில் கூப்பிடுவார்கள். நாங்கள் கேட்டு, மீட்புப் படகை அனுப்புவோம். சம்பளம் கிடையாது. ஒரு நீலச் சட்டை தருவார்கள், எனக்குக் கொடுத்தது முழங்கால் வரை வந்தது.

பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகம் போனபிறகு வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லாமல் போனது. "ஒருத்தரும் உன்ர சொல்லைக் கேக்கிறேல்லை எண்டு நெடுகச் சொல்லுவாய். அங்க போ, கேக்காட்டிக் கடலுக்க தாண்டு செத்துப்போவாங்கள்" என்று என் வீட்டுக்காரர் பகிடி பண்ணினார். அவருடைய பகிடிக்காகவே போய்ச் சேர்ந்தேன். கார் ஓட்டப் பழகியதும் இப்படி வந்த ரோஷத்தில்தான் என்று இந்தத் தொடரில் முன்பு எழுதியிருக்கிறேன்.

என்னுடன் சனிக்கிழமைகளில் இருந்தவர் கெவின். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். ராஜேஸ்வரி என்ற என் பெயர் அவருடைய வாயில் நுழையவில்லை, 'ரேஜ்' என்று கூப்பிடுவார். ஆங்கிலத்தில் அதற்குக் கடுங்கோபம் என்று பொருள். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது.

கெவின் அதிகம் பேசமாட்டார். ஆனால் முதல் வாரமே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லித் தந்தார்.

வானத்தில் பட்டுத் திரும்புவது

இந்தச் சின்னப் பெட்டிகளின் அலை நேராகப் போகும், கொஞ்சத் தூரம் போய் அடங்கிவிடும். ஆனால் சூரியன் கொதிக்கிற சில வருடங்களில், சில நாட்களில், வானத்தின் மேல்மட்டம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அலை அதில் பட்டுத் திரும்பி, எங்கோ ஒரு தூர தேசத்தில் போய் விழும். நடுவில் இருப்பவனுக்குக் கேட்காது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பவனுக்குப் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்கும். இதை அவர்கள் 'ஸ்கிப்' என்பார்கள்.

நான் போன கோடை அப்படிப்பட்ட கோடை. மத்தியானம் திரும்பினால் போதும், ஆபத்துக்கென்று ஒதுக்கிய எங்கள் அலைவரிசையில் உலகமே வந்து குந்திக்கொள்ளும். இந்தோனேசிய மீனவர்கள் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். யாரோ ஒரு சீனக்காரி யாரையோ ஏசுவாள். நடுவில் உண்மையாகவே ஒருவன் இங்கே எங்கள் கடலில் தாழ்ந்துகொண்டிருந்தால் அவனுடைய குரல் இந்தச் சந்தைக்குள் கேட்காது. அதுதான் கெவினுக்குப் பயம்.

அதனால் அவருடைய சட்டம் எளிது. புரியாத பாஷை கேட்டால் "ஸ்கிப்" என்று ஒரு சொல். பிறகு இரைச்சலை அடைக்கிற குமிழைத் திருப்பிவிடுவார். அந்தக் குரல்கள் காணாமல் போகும்.

அன்றைக்கும் கெவின் அதைத்தான் செய்தார். குழந்தை அழுதது, ஆள் பேசினான், கெவின் "ஸ்கிப்" என்றார், கை குமிழுக்குப் போனது.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். வெள்ளைக்காரர் ஒருவரின் கையைப் பிடித்தது அதுதான் வாழ்க்கையில் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்குப் புரிகிறது," என்றேன். "அவன் என் பாஷையில் பேசுகிறான். படகுக்குள் தண்ணீர் வருகிறதாம்."

கெவின் கையை எடுத்துக்கொண்டார். ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளினார்.

என் குரலுக்குப் பயந்தார்கள்

"ஓம் தம்பி, கேக்குது. நல்லாக் கேக்குது. நீங்கள் எங்க நிக்கிறியள்?"

நான் பேசி முடித்து விரலை எடுத்தேன். கரகரப்பு. பிறகு அந்தக் குரல், ஆனால் என்னோடு இல்லை, படகில் இருந்த வேறு யாரோடோ.

"எங்கட ஆக்கள் கதைக்கினம். பொம்பிளை ஒண்டு. யாழ்ப்பாணத் தமிழ். ஐயோ, திரும்பி வந்திட்டமடா."

பின்னால் ஒருத்தி குழறி அழுவது கேட்டது. "நிப்பாட்டு, நிப்பாட்டு, நேவிக்குக் கேக்கப்போகுது" என்று இன்னொருவன். அதோடு பெட்டி அடங்கியது.

நான் திகைத்துப் போனேன். நடந்தது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இலங்கையில் போர் முடிந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. மீன்பிடிப் படகுகளில் ஏறி இந்த நாட்டுக்கு வர ஆட்கள் புறப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். இதுவும் அப்படியொரு படகு. எஞ்சின் நின்று, போக்குத் தெரியாமல் அலைகிறார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வானொலியில் ஒரு பதில் வருகிறது. பதில் சொன்னவள் ஊர்த் தமிழில் சொல்கிறாள். அவர்கள் என்ன நினைப்பார்கள்? தப்பிவந்த கரைக்கே கடல் கொண்டுவந்து விட்டுவிட்டது என்றுதானே நினைப்பார்கள். வேறொரு பாஷைக்காரி பேசியிருந்தால் ஒட்டிப் பிடித்திருப்பார்கள். என் தாய்ப்பாஷை அவர்களைக் கலைத்துவிட்டது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய மாதம், சிட்னியில் எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற ஹோம்புஷில் ஒரு பிறந்தநாள் விருந்து. எல்லோரும் படித்து, விமானத்தில், விசாவோடு வந்தவர்கள். கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டே ஒரு அங்கிள் சொன்னார்: "படகில வாறவையால எங்களுக்கெல்லே கெட்ட பேர்." யாரும் மறுக்கவில்லை. சிலர் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் விருந்து வீடு, பிறந்தநாள் பிள்ளை மெழுகுதிரி ஊதக் காத்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இப்போது அந்தக் "கெட்ட பேர்" ஒரு குழந்தையின் அழுகையாக என் காதுக்குள் வந்திருந்தது.

நம்பாதவன்

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். "தம்பி, நான் நேவி இல்லை. ஒஸ்ரேலியாவில இருந்து கதைக்கிறன். பயப்பிடாதேங்கோ."

நெடுநேரம் ஒன்றும் இல்லை. கெவின் எழுந்து வந்து பின்னால் நின்றார்.

பிறகு திடீரென்று அவன் வந்தான். குரல் அருகில் கேட்டது, மூச்சு வாங்குவது கூடக் கேட்டது.

"ஒஸ்ரேலியாவில ஆர் தமிழ் கதைக்கிறது?"

"நாங்கள் கனபேர் இருக்கிறம் தம்பி."

"எந்த இடம்?"

"சிட்னிக்குக் கிட்ட. ஹெலன்ஸ்பர்க் எண்டு ஒரு இடம், வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கு. அதால வந்தால் கடற்கரை."

"வெங்கடேஸ்வரர் கோயிலோ," என்றான் அவன். "ஆருக்கு அக்கா காது குத்துறியள்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சொன்னது அத்தனையும் உண்மை. அவன் இருந்த நிலையில், சொல்லச் சொல்ல அது பெரிய பொய்யாகிக்கொண்டே போனது. இங்கே நான்கு மணி தாண்டிவிட்டது என்றேன். அங்கே பத்தரைதான் தாண்டியிருக்கிறது, மணியை ஆரும் சொல்லலாம் என்றான். என் தகப்பன் பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம் எல்லாம் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போனது. ஊரை இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறவள் ஊரில்தானே இருப்பாள்.

கெவினிடம் திரும்பினேன். "நான் இலங்கைக் கடற்படையின் ஆள் என்று நினைக்கிறான். நம்பவே மாட்டான்."

கெவின் கொஞ்சம் யோசித்தார். பிறகு குனிந்து, என் தோளுக்கு மேலால் கையை நீட்டி, ஒலிவாங்கியை எடுத்தார். அவர் பேசியதில் விசேஷம் ஒன்றும் இல்லை. வணக்கம் நண்பா, என் பெயர் கெவின், உன் படகில் இடம் காட்டும் கருவி இருந்தால் அதில் உள்ள இலக்கங்களை இந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டு. அவ்வளவுதான். அதையும் மூக்கால், வாயைத் திறக்காமல், இந்த நாட்டார் பேசுகிற அந்த இழுவையில் பேசினார். எனக்கே பாதி விளங்காது.

பேசி முடித்து விரலை எடுத்தார்.

"டேய், வெள்ளைக்காரன்," என்றது குரல். "உண்மையா வெள்ளைக்காரன்டா."

படகில் பலர் ஒன்றாகப் பேசத் தொடங்கினார்கள். யாரோ கடவுளைக் கூப்பிட்டார். என் தமிழையும் தகப்பன் பெயரையும் நம்பாதவர்கள், ஒரு சொல்லும் புரியாத ஆங்கிலத்தை அந்த நிமிஷமே நம்பினார்கள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இருந்தாலும், நம்பினார்களே என்று கெவினின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

இலக்கங்கள்

அதன்பிறகு அவன் அக்கா என்று பாசத்தோடு கூப்பிட்டான். லொறி ஓட்டுபவனாம். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். படகு ஓட்டி வந்தவர் காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார். வானொலியில் இருக்கிற நம்பர்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி ஒரு கிழமையாகக் கூப்பிடுகிறார்கள். படகின் அடிப்பலகை ஒன்று விலகிவிட்டது, தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றுகிறார்கள். அள்ளுவதை விட வருவது கூடுதல்.

"தம்பி, கையில பிடிக்கிற சின்னப் பெட்டி ஒண்டு இருக்கும். நம்பர் காட்டும்."

"ஓம், ஓட்டியின்ர பையுக்க இருக்கு. ரண்டு வரி நம்பர்."

"வாசியுங்கோ."

இரைச்சல் கூடியது, குறைந்தது. அவன் கத்தி வாசித்தான். எனக்குக் கேட்டது இது: "எண் ஏழு..." பிறகு சில்லறை இலக்கங்கள். அடுத்த வரியில் "ஈ..." என்று இழுத்தான், தெரியாமல் தடுமாறுகிறானாக்கும் என்று நினைத்தேன். பிறகு "எண்பத்திரண்டு", பிறகு சில்லறை. நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்ல, கெவின் அவற்றை வரைபடத்தில் தேடினார்.

"ஏழு பாகை தெற்கு, எண்பத்திரண்டு கிழக்கு" என்றார். இந்து சமுத்திரத்தின் நடுவில், இங்கே வருகிற வழியில். அவருடைய விரல் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு தீவும் இல்லை. அவர் உடனே இந்த நாட்டின் கடல் மீட்பு மையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஊர்க்கோடித் தொண்டர் நிலையத்துக்கு எப்படி அவ்வளவு தூரம் கேட்டது என்று அங்கே கேட்டிருக்கவேண்டும். கெவின் "ஸ்கிப்" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

அங்கே இருந்த பெண் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். விமானம் ஒன்றை அனுப்புவதைப் பார்க்கிறோம் என்றாள்.

நான் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "தம்பி, இஞ்ச இருந்து பிளேன் வரும். ஒஸ்ரேலியா பிளேன்."

அவன் அதைப் படகுக்குச் சொன்னான். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு அலை மங்கி, பெட்டியில் வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

ஒரு எழுத்து

கெவின் தேநீர் வைக்கப் போனார். நான் கதிரையில் இருந்து, அவன் சொன்னதை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். சந்தோஷத்தில்தான் பார்த்தேன்.

எண் ஏழு.

ஏன் 'எண்' என்றான்?

எங்கள் ஊரில் யார் எண் என்று சொல்கிறார்கள்? பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இருக்கும். வாயில் வருவது நம்பர், அல்லது இலக்கம். வீட்டு இலக்கம், பஸ் நம்பர். அவனும் இரண்டு வரி நம்பர் என்றுதானே சொன்னான். ஒரு லொறிக்காரன், தாழ்கிற படகில் நின்றுகொண்டு, ஏன் திடீரென்று செந்தமிழில் எண் என்று தொடங்கினான்?

அவன் எண் என்று சொல்லவில்லை. 'என்' என்றான். ஆங்கில எழுத்து. அடுத்த வரியில் அவன் தடுமாறவில்லை. 'ஈ' என்ற எழுத்தை வாசித்தான்.

ஈ என்றால் கிழக்கு. என் என்றால் வடக்கு.

பூமத்திய ரேகைக்குக் கீழே இருக்கிற இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த கெவினுக்குக் கடல் என்றாலே தெற்குத்தான். எழுத்து இல்லாமல் இலக்கத்தை மட்டும் கொடுத்தால் அவர் தெற்கு என்றுதான் எடுப்பார். எழுத்தைத் தமிழாகக் கேட்டு விழுங்கியது என் காது. தமிழ்க் காதைத் தவிர வேறு எந்தக் காதும் அதை விழுங்கியிருக்காது.

நான் எழுந்து வரைபடத்தின் முன் நின்றேன். தெற்கில் ஏழில் விரலை வைத்தேன். பூமத்திய ரேகையைத் தாண்டி மேலே கொண்டுபோனேன். வடக்கில் ஏழு. கிழக்கில் எண்பத்திரண்டு.

என் விரல் இலங்கையின் கிழக்குக் கரையில் முட்டிக்கொண்டு நின்றது. கரைக்கும் படகுக்கும் இடையில் நகத்தளவு கடல்.

அவன் முதலில் பயந்தது சரி. அவர்கள் திரும்பித்தான் வந்திருந்தார்கள். நான்தான் இல்லை இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி நம்பவைத்தேன்.

அந்த அறையில், அந்த நாட்டில், ஏன் முழு உலகத்திலும் அந்த ஒரு எழுத்து அந்த நேரத்தில் என்னிடம் மட்டும் இருந்தது. இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கடலில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாடு பொறுப்பு. தங்கள் பகுதி இல்லை என்றால், பொறுப்பான நாட்டுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். அந்த நகத்தளவு கடலுக்குப் பொறுப்பான நாடு எது என்று கேட்க வேண்டியதில்லை. காணி விற்று, நகை விற்று, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு யாரிடமிருந்து ஓடினார்களோ, அவர்களிடமே போவார்கள்.

சொல்லாவிட்டால்? விமானம் வெறும் தண்ணீரைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும். வாளிகள் ஓயும்.

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன் என்று எழுதினால் சிலர் கோபிப்பார்கள். நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். வேறு வழி ஏதும் இருக்குமா என்று வெறிபிடித்தவள்போல் வரைபடம் முழுவதும் தேடினேன். அதில் ஒன்றும் இல்லை. எனக்குக் கேட்டது அந்தக் குழந்தையின் அழுகைதான்.

"கெவின்," என்றேன். "அது தெற்கு இல்லை. வடக்கு."

அவர் கோப்பைகளை வைத்துவிட்டு வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் கரைக்குக் கிட்டவே இருக்கிறார்கள், ரேஜ். நல்லதாய்ப் போயிற்று" என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார்.

அவருக்கு அது நல்ல செய்தி. மீட்பு மையத்துப் பெண்ணுக்கும் நல்ல செய்தி. உரிய நாட்டுக்கு அறிவித்துவிட்டோம், பக்கத்தில் ஒரு கப்பல் இருக்கிறது, உடனே போகிறது என்றாள். நன்றி சொன்னாள். அந்த அறையில் அதிர்ந்துபோய் நின்றவள் நான் ஒருத்திதான்.

கெவின் தொலைபேசியை வைத்தபிறகு அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. அவர் வரைபடத்தைப் பார்த்தபடி நின்றார். தேநீர் ஆறிப்போனது.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்

இழுத்தடிக்க எனக்கு மனமில்லை. அடுத்த நாள் கெவின் தொலைபேசியில் கூப்பிட்டார். எல்லோரும் உயிரோடு கரையேறினார்கள், பிள்ளைகளும் ஓட்டியும் சேர்த்து. அவர்கள் என்ன ஆனார்கள், எவ்வளவு காலம் எங்கே வைத்திருந்தார்கள் என்று நான் தேடாத இடம் இல்லை. எனக்கு அவனுடைய பெயர்கூடத் தெரியாது. ஒரு குரலை மட்டும் வைத்துக்கொண்டு யாரிடம் போய் விசாரிப்பது?

நிலையத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள். கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் பெருமையோடு படம் எடுத்தார். அதில் நான் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்தச் சனிக்கிழமை, தொலைபேசியெல்லாம் முடிந்தபிறகு, வெயில் சாயத் தொடங்குகிற நேரத்தில், அலை ஒருமுறை திரும்பி வந்தது.

கடைசியாக

"அக்கா, கேக்குதோ?"

"கேக்குது தம்பி."

"பிளேன் எப்ப வரும்? தண்ணி முழங்காலுக்கு வந்திட்டுது."

கெவின் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"பிளேன் இல்லைத் தம்பி. கப்பல் வருது. இப்ப வந்திடும். கிட்டத்தான் நிக்குது."

"கிட்ட எண்டா?"

பலவந்தமாகச் சொன்னேன். "நீங்கள் முதல் சொன்னதுதான் தம்பி சரி. எனக்கு இலக்கம் பிழையா விளங்கிட்டுது. நீங்கள் ஊருக்குக் கிட்ட நிக்கிறியள்."

தண்ணீர் பலகையில் அடிக்கிற சத்தம் கேட்டது. வாளி ஒன்று உரசியது. இந்த முறை அவன் பெட்டியை நிறுத்தவில்லை.

"ஆர் வந்தாலும் ஏறுங்கோ," என்றேன். "பிள்ளையளை முதல் ஏத்துங்கோ. சத்தம் போடாதேங்கோ, ஓடித் தப்பப் பாக்காதேங்கோ. கேக்குதோ தம்பி?"

"விளங்குது அக்கா."

பின்னால் ஒரு பெண் கேட்டாள், "என்னவாம்?"

"கப்பல் வருதாம்," என்றான். எந்தக் கப்பல் என்று அவன் சொல்லவில்லை. அவள் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். ஒரு சின்னக் குரல், கப்பலில் சோறு தருவார்களா என்று கேட்டது.

அலை மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. அவன் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்திருக்க வேண்டும், மெதுவாகப் பேசினான்.

"அக்கா, நீங்கள் உண்மையா ஒஸ்ரேலியாவிலதானோ இருக்கிறியள்?"

"ஓம் தம்பி."

"அங்க எப்பிடி? நல்லா இருக்கோ?"

நான் சன்னலைப் பார்த்தேன். கீழே கடற்கரையில் ஆட்கள் துவாய்களை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்குத் தம்பி."

"சந்தோசம் அக்கா," என்றான். அதற்குப் பிறகு இரைச்சல் மட்டுமே இருந்தது.

என்ன சொன்னான் என்று கெவின் என்னிடம் கேட்டார்.

"சந்தோஷமாம்," என்றேன்.